‘கிளிக்’ சத்தத்துக்கு எலி ஏன் ஓடிவருகிறது? பிறவி வலுவூட்டிகளும் கற்ற வலுவூட்டிகளும்

தான்சானியாவில் மொரோகோரோ என்றொரு ஊர். அங்கே சொகோய்னே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் அப்போப்போ என்ற அமைப்பு எலிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது. நம் வீட்டுப் பரணில் ஓடும் எலி இல்லை. கன்னத்தில் பை வைத்த ஆப்பிரிக்க ராட்சத எலி, ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். மண்ணுக்குள் புதைந்த கண்ணிவெடியில் உள்ள டி.என்.டி. என்ற வெடிமருந்தின் வாசனையை மோப்பம் பிடித்து, அந்த இடத்தைக் காலால் பிறாண்டிக் காட்டுவதுதான் அதன் வேலை. மகாவா என்ற எலி கம்போடியாவில் 71 கண்ணிவெடிகளையும் வெடிக்காமல் கிடந்த 38 குண்டுகளையும் காட்டிக்கொடுத்துவிட்டு 2021இல் ஓய்வு பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டனின் பி.டி.எஸ்.ஏ. என்ற விலங்கு மருத்துவத் தொண்டு அமைப்பு அதற்குத் தங்கப் பதக்கம் அணிவித்தது.

பதக்கத்தோடு இருந்த படத்தைப் பார்த்து உலகமே உருகியது. ஆனால் அந்தப் பதக்கத்தால் மகாவா கூடுதலாக ஒரு கண்ணிவெடியைக்கூடத் தேடியிருக்காது. அதை வேலை செய்ய வைத்தவை வேறு இரண்டு: வாழைப்பழமும், விரலால் அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் ஒரு சின்னக் கருவியும்.

வாழைப்பழத்துக்கு விளக்கம் வேண்டாம். பசித்த எலிக்கு அது பிடிக்கும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘கிளிக்’ அப்படி இல்லை. முதல்முறை கேட்கும் குட்டிக்கு அது வெறும் சத்தம். பயிற்சியின் தொடக்கத்தில் கண்ணிவெடி, வாசனை எதுவும் கிடையாது. கிளிக், ஒரு வாய் பழம். கிளிக், ஒரு வாய் பழம். இதே வேலைதான். சில நாளில் சத்தம் கேட்டவுடன் எலி தின்பதற்குத் திரும்புகிறது. அதன் பிறகு அந்தச் சத்தத்துக்காகவே வேலை செய்யத் தொடங்குகிறது. நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறை இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. பழம், பிறவி வலுவூட்டி. கிளிக், கற்ற வலுவூட்டி. பாடப்புத்தகங்களில் முதல்நிலை, இரண்டாம்நிலை என்றும் பார்க்கலாம்.

சத்தம் எதற்கு, நேராகப் பழத்தையே கொடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். எலி கயிற்றில் கட்டியபடி பயிற்சியாளரிடமிருந்து பல மீட்டர் தள்ளி நிற்கிறது. சரியான இடத்தைப் பிறாண்டியதும் பழத்தோடு அதனிடம் போய்ச் சேர்வதற்குள், அது மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும். அப்போது கொடுத்தால் வளர்வது மூக்கு துடைக்கும் பழக்கம். ‘கிளிக்’ அந்தக் கணத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பழம் நிதானமாக வரலாம்.

முதலில் வரையறை

இந்தத் துறையில் பாதிக் குழப்பம் வரையறையைச் சரியாகப் பிடிக்காததால் வருவது. ஒரு செயலைத் தொடர்ந்து ஏதோ ஒன்று நடக்கிறது. அதனால் அந்தச் செயல் இனிமேல் அதிகமாக நடக்கிறது என்றால், தொடர்ந்து வந்தது வலுவூட்டி. அதனால் அந்தச் செயல் குறைகிறது என்றால், தொடர்ந்து வந்தது தண்டனைத் தூண்டல். அவ்வளவுதான். கொடுத்தவர் என்ன நினைத்தார், அது இனிப்பா கசப்பா, அன்பாகச் சொன்னாரா கோபமாகச் சொன்னாரா என்பதெல்லாம் வரையறைக்குள் வராது. பின்னால் நடத்தை என்ன ஆனது என்று பார்த்துத்தான் பெயர் வைக்க முடியும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பூனைகளைப் புதிர்க்கூண்டுகளில் அடைத்து, தப்பிக்க உதவிய அசைவு மட்டும் மெல்ல மெல்ல நிலைப்பதைக் கவனித்தார். இன்னொரு அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1930களில் எலிகளையும், பிறகு புறாக்களையும் வைத்து அதை ஓர் அறிவியலாகவே விரித்தார். இவர்களிடமிருந்து நமக்கு வந்தது, முன்முடிவை ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணிப்பார்க்கும் இந்தப் பழக்கம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்றால் தண்டனை என்று பலர் எழுதுகிறார்கள், சில பயிற்சி நூல்களிலும் அப்படியே இருக்கிறது. தவறு. காரில் சீட் பெல்ட் போடாவிட்டால் பீப் பீப் என்று கத்தும், போட்டதும் நிற்கும். தொல்லை நீங்கியதால் பெல்ட் போடும் பழக்கம் வளர்கிறது. வளர்ந்தால் அது வலுவூட்டல்தான். ‘எதிர்மறை’ என்பது ஒன்று நீக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது.

பிறக்கும்போதே வந்தவை

சோறு, தண்ணீர், கதகதப்பு, தூக்கம், காற்று, உடலுறவு. உயிரினம் பிழைத்திருக்கவும் பெருகவும் வேண்டியவை என்பதால் இவற்றின் பட்டியலை யாரும் ஊகிக்கலாம். ஆனால் ‘உடலுக்கு நல்லது, அதனால் பிடிக்கிறது’ என்று எளிதாக முடித்துவிட முடியாது. 1950இல் ஷெஃபீல்டும் ரோபியும் எலிகளுக்குச் சாக்கரின் கரைத்த தண்ணீரைக் கொடுத்தார்கள். சாக்கரினில் சத்து என்று எதுவுமில்லை, தித்திப்பு மட்டும்தான். எலிகள் அதற்காகவும் வேலை செய்தன. அதாவது, பரிணாமம் எலிக்குள் வைத்திருப்பது ‘சத்தைத் தேடு’ என்ற கட்டளையை அல்ல. ‘தித்திப்பைத் தேடு’ என்ற குறுக்குவழியை. காட்டில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன, அதனால் போதுமானதாக இருந்தது. இன்று நம் பலகாரக் கடைகளும் குளிர்பானக் கம்பெனிகளும் அந்தக் குறுக்குவழியில்தான் கல்லா கட்டுகின்றன.

மனிதக் குழந்தையும் இப்படித்தான். பிறந்து சில மணி நேரமே ஆன சிசுவின் நாக்கில் இனிப்பு பட்டால் சப்புக்கொட்டும், கசப்பு பட்டால் முகம் சுளிக்கும். நம் ஊரில் சேனை வைக்கும் வழக்கம் இதைக் கண்ணால் கண்டு உருவானதாக இருக்கலாம். (தேனும் சர்க்கரைத் தண்ணீரும் பிறந்த குழந்தைக்கு வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், அதைக் கேட்பதே நல்லது.) கசப்பையும் நாம் விட்டுவைக்கவில்லை. விரல் சூப்பும் பிள்ளையின் கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவுவது, தாய்ப்பாலை மறக்கடிக்க மார்பில் தடவுவது எல்லாமே பிறவித் தண்டனைத் தூண்டல்தான். கசப்பு கெட்டது என்று குழந்தைக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

வலி, கடும் சூடு, கடும் குளிர், காதைப் பிளக்கும் ஓசை, மூச்சு முட்டுவது ஆகியவையும் இந்த வகையில் சேரும்.

உடலின் தேவை என்று சொல்ல முடியாத சிலவும் பிறவியிலேயே வருகின்றன என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. 1953இல் ராபர்ட் பட்லர் குரங்குகளை மூடிய பெட்டிக்குள் வைத்தார். சரியான நிறக் கதவைத் தள்ளினால் சிறிது நேரம் வெளியே எட்டிப் பார்க்கலாம், வேறு பரிசு எதுவும் இல்லை. அந்த வேடிக்கைக்காகவே குரங்குகள் சரியான நிறத்தைக் கற்றுக்கொண்டன, மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தன. இருட்டில் இருக்கும் சுண்டெலி, விளக்கு ஒரு கணம் எரிவதற்காக ஒரு தகட்டைத் தொடும். ஹாரி ஹார்லோ 1958இல் சொன்ன கதை பலருக்குத் தெரிந்திருக்கும்: குரங்குக் குட்டிகள் பால் கொடுத்த கம்பித் தாயைவிட, பால் கொடுக்காத துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன. பார்ப்பது, தொடுவது, ஏதோ ஒன்றை நிகழ்த்துவது போன்றவை எல்லாம் உணவின் வழியாகக் கற்றவை அல்ல. பொம்மையை மேசையிலிருந்து தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் பார்க்கும் பத்து மாதக் குழந்தைக்கு, ‘டொப்’ என்ற சத்தமே கூலி.

பிறவியில் வந்தது என்றால் எப்போதும் வேலை செய்யும் என்று பொருளில்லை. விருந்தில் மூன்றாவது முறை பாயசம் ஊற்ற வருபவரைக் கண்டதும் நம் கை இலையை மறைக்கிறது. டேவிட் பிரெமாக் 1962இல் இதை அழகாகக் காட்டினார். தாகமான எலிகள் தண்ணீருக்காகச் சக்கரத்தில் ஓடின. தண்ணீர் தாராளமாகக் கொடுத்து ஓடவிடாமல் தடுத்து வைத்தபோது, அவை ஓடுவதற்காகத் தண்ணீர் குடித்தன. ஒன்று வேலையாகவும் மற்றது கூலியாகவும் இருந்தது தலைகீழானது. எது வலுவூட்டி என்பதைப் பொருளின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அந்த உயிருக்கு இப்போது எது கிடைக்காமல் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கற்றவை: இரவல் வலிமை

ஸ்கின்னரின் கூண்டில் உணவு உருண்டை விழும்போது இயந்திரம் ஒரு சத்தம் போடும். சத்தத்தோடு உணவு பல முறை வந்த பிறகு, எலிக்கு முதல்முறையாக ஒரு நெம்புகோலைக் கொடுத்தார். அழுத்தினால் சத்தம் மட்டும் வரும், உணவு வராது. எலி அழுத்தக் கற்றுக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து விட்டுவிட்டது. இந்தச் சின்னச் சோதனையில் கற்ற வலுவூட்டியின் முழுக் குணமும் இருக்கிறது. சத்தத்துக்கென்று சொந்த வலிமை இல்லை. உணவோடு சேர்ந்து வந்ததால் வந்த இரவல் வலிமை. இரவல் என்பதால்தான் உணவு வருவது நின்றதும் அது கரைந்தும் போனது.

இதை இன்னும் விரிவாகப் பார்த்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் உல்ஃப். 1936இல் வெளியான அவருடைய ஆய்வில் சிம்பன்சிகளுக்குச் சூதாட்டத்தில் பயன்படுத்துவது போன்ற வட்ட வில்லைகள் கொடுக்கப்பட்டன. வில்லையை ஒரு இயந்திரத்தின் துளையில் போட்டால் திராட்சை விழும். இது புரிந்ததும் சிம்பன்சிகள் வில்லைக்காகக் கனமான நெம்புகோலைத் தூக்கின, ஏறக்குறைய திராட்சைக்காகத் தூக்கியது போலவே. இரண்டு திராட்சை தரும் வில்லை, ஒன்று மட்டும் தருவது, எதுவும் தராத பித்தளை வில்லை என்று வகைகள் வைத்தபோது, தேர்ந்தெடுக்கவும் கற்றுக்கொண்டன. இரண்டு சிம்பன்சிகளை ஒன்றாக விட்டால் பறிப்பதும், கை நீட்டிக் கெஞ்சுவதும் நடந்தது. தின்ன முடியாத ஒரு வட்டத்துக்காக.

மனிதர்களுக்கான வில்லை பணம். பணத்தின் தனிச் சிறப்பு, அது ஒரே ஒரு பிறவி வலுவூட்டியோடு கட்டப்பட்டதல்ல என்பது. சோறு, துணி, வீடு, பயணம், சினிமா என்று எல்லாவற்றுக்கும் வழி. அதனால் வயிறு நிறைந்தவருக்கும் பணம் சலிப்பதில்லை. இத்தகையவற்றைப் பொதுமையாக்கப்பட்ட வலுவூட்டி என்பார்கள். பாராட்டு, கவனிப்பு, மதிப்பெண் போன்றவையும் ஏறக்குறைய இதே வகை. அம்மா திரும்பிப் பார்த்தால்தான் பால் வரும், தூக்குவார்கள், ஈரத்துணி மாறும். ஆகவே ‘திரும்பிப் பார்ப்பது’ என்பதே குழந்தைக்கு எல்லாவற்றுக்குமான சாவி ஆகிவிடுகிறது.

பணத்தின் வலிமையும் இரவல்தான் என்பதை இந்தியர்களுக்குச் சோதனைச்சாலை வைத்துக் காட்ட வேண்டியதில்லை. 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். தாள் அதே தாள், மை அதே மை. மறுநாள் காலை டீக்கடைக்காரர் அதைத் தொடவில்லை. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஸ்கின்னரின் எலிக்குச் சத்தம் பயனற்றது என்று புரிய, பலமுறை வெறும் சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது. நமக்கு ஒரு பேச்சு போதுமாக இருந்தது. சொல்லாலேயே ஒன்றுக்கு மதிப்பை ஏற்றவும் இறக்கவும் மனிதர்களால் முடியும். நோட்டுகளைச் சில வாரங்களுக்கு வங்கியில் கட்டலாம் என்று அதே அறிவிப்பு சொன்னதால், மக்கள் அவற்றைக் கிழித்துப்போடவில்லை. கடைக்குப் போன கால்கள் வங்கி வரிசைக்குப் போயின. இரவல் கொடுத்த இடம் மாறியது. நடத்தையும் பின்னாலேயே மாறியது.

சத்தமோ வில்லையோ தாளோ, எதுவானாலும் அதன் பின்னால் உண்மையான ஒன்று அவ்வப்போது வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போப்போ எலிகள் காசநோயையும் மோப்பம் பிடிக்கின்றன. மருத்துவமனை ‘கிருமி இல்லை’ என்று சொன்ன சளி மாதிரியை எலி சுட்டிக்காட்டினால், அது சரியா தவறா என்று அந்த நிமிடத்தில் யாருக்கும் தெரியாது. அதற்குக் கிளிக் செய்தால் தவறான பழக்கம் வளரலாம், செய்யாமலே விட்டால் எலி வேலையையே மறக்கும். அதனால் காசநோய் உறுதியான மாதிரிகள் சிலவற்றையும் வரிசையில் வைத்துவிடுகிறார்கள். அவற்றைச் சுட்டும்போது மட்டும் கிளிக்கும் பழமும். மற்றவை பின்னர் நுண்ணோக்கியில் சரிபார்க்கப்படும்.

தண்டனையிலும் கற்றவை உண்டு

‘ஏய்!’ என்ற அதட்டலில் வலி எதுவும் இல்லை. சில மாதக் குழந்தையிடம் மெதுவாகச் சொன்னால் சிரிக்கும். கையில் ஓர் அடி, பறிக்கப்பட்ட பொம்மை, மூடப்பட்ட கதவு என்று பலவற்றோடு சேர்ந்து வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்குப் பல் முளைக்கிறது. டான் ஹேக், நேதன் அஸ்ரின் இருவரும் 1965இல் புறாக்களிடம் இதைக் காட்டினார்கள். முதலில் ஓர் அடையாளத் தூண்டலை மின்னதிர்ச்சியோடு சேர்த்தார்கள். பிறகு, உணவுக்காகக் கொத்தும் புறாவின் கொத்தலைத் தொடர்ந்து அந்த அடையாளம் மட்டும் வந்தது. கொத்துவது குறைந்தது. சிவப்பு மையில் வட்டமிட்ட விடைத்தாள், தலைமையாசிரியர் அறை வாசல், மேலாளரிடமிருந்து வரும் ‘கொஞ்சம் பேசணும்’ என்ற ஒற்றை வரி மெசேஜ் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இங்கும் இரவல் விதி பொருந்தும். ‘அப்பா வரட்டும், சொல்றேன்’ என்று தினமும் மிரட்டி, அப்பா வந்து எதுவும் நடக்காத வீட்டில் அந்த வரி சீக்கிரமே காற்றாகிவிடும்.

பொதுவாக இணைப்பு பல முறை நடக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு, சுவையும் குமட்டலும். ஜான் கார்சியாவும் கூட்டாளிகளும் 1955இல், எலிகளுக்குச் சாக்கரின் தண்ணீரைக் கொடுத்துக் காமா கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். கதிர்வீச்சு வயிற்றைப் புரட்டும். அதன் பிறகு அந்த எலிகள் சாக்கரினை ஒதுக்கின. பிறவி வலுவூட்டிக்கு நான் மேலே உதாரணம் காட்டிய அதே தித்திப்பு! ஆக, பிறவியில் வந்ததன் மேலேயே கற்றல் எழுதிவிட முடியும். கெட்டுப்போன மீன்குழம்பில் ஒருமுறை அவதிப்பட்டவர்கள் வருடக்கணக்கில் அந்த மீனின் வாசனைக்கே ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். குழம்பு சாப்பிட்டதற்கும் வாந்திக்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி இருந்தும் மூளை சரியாகக் குழம்பையே பிடிக்கிறது, அந்த நேரத்தில் ஓடிய டி.வி. சீரியலை அல்ல.

எதிர்த்திசையிலும் போகலாம். மிளகாயின் எரிச்சல் பாலூட்டிகளுக்குப் பிறவித் தண்டனைத் தூண்டல். (பறவைகளுக்கு அது உறைப்பதே இல்லை, கிளி அசராமல் தின்பது அதனால்தான்.) முதல்முறை மிளகாய் கடித்த குழந்தை வீட்டையே இரண்டாக்கும். அதே பிள்ளை பத்து வயதில் பழையசோற்றுக்கு மோர்மிளகாய் கேட்கும். உளவியலாளர் பால் ரோசின் மெக்சிகோவில் இதை ஆராய்ந்தார். அங்கும் யாரும் பரிசு கொடுத்துப் பழக்குவதில்லை, பெரியவர்கள் ரசித்துச் சாப்பிடும் பந்தியில் உட்கார்ந்தே பிள்ளைகள் பழகுகிறார்கள். எலிகளை மிளகாய்க்கு மயக்க அவர் செய்த முயற்சிகளோ பெரும்பாலும் பலிக்கவில்லை.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது

இனி வரையறைக்குத் திரும்புவோம், ஏனென்றால் வீட்டிலும் வகுப்பிலும் நாம் சறுக்குவது இங்கேதான். சார்லஸ் மேட்சனும் வெஸ்லி பெக்கரும் மற்றவர்களும் 1968இல் ஓர் அமெரிக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் எண்ணிப் பார்த்தார்கள். பிள்ளைகள் எழுந்து திரிகிறார்கள், ஆசிரியர்கள் ‘உட்கார்’ என்கிறார்கள், உட்காருகிறார்கள். வேலை செய்கிறது என்றுதானே தோன்றும்? ஆசிரியர்களை ‘உட்கார்’ என்று இன்னும் அடிக்கடி சொல்லச் சொன்னபோது, எழுந்து திரிவது கூடியது. உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பாராட்டச் சொன்னபோது குறைந்தது. ஆசிரியர் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது, பிள்ளைக்குக் கவனிப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதட்டியதும் அந்தக் கணத்தில் பிள்ளை உட்கார்ந்துவிடுவதால், அதட்டும் பழக்கம் ஆசிரியரிடமும் வலுப்பெறுகிறது. இருவரும் ஒருவரையொருவர் பயிற்றுவித்துக்கொண்டிருக்கிறார்கள், இருவருக்கும் அது தெரியவில்லை.

1977இல் வெளியான இன்னொரு ஆய்வு. ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமி அடம்பிடித்து அழும்போதெல்லாம் ஆசிரியர் சற்று நேரம் அவளைத் தனியே விட்டார். அழுகை குறைய வேண்டும். கூடியது. தனியே விடப்பட்ட நேரத்தில் அவளுக்குப் பிடித்த அசைவுகளை யார் தொந்தரவும் இல்லாமல் செய்துகொண்டிருக்க முடிந்ததே காரணம். பாடம் கசந்தால், பாடத்திலிருந்து வெளியே அனுப்புவது விடுமுறை. ‘வகுப்புக்கு வெளியே முட்டி போடு’ என்று அனுப்பப்பட்ட மாணவர்கள் நடைபாதையில் சிரித்துக்கொண்டிருந்ததற்கும் இதே விளக்கம்தான்.

மிகவும் சங்கடப்படுத்தும் ஆய்வு வில்லியம் ஹோல்ஸும் அஸ்ரினும் 1961இல் புறாக்களோடு செய்தது. கொத்தினால் மின்னதிர்ச்சி வரும் நேரங்களில் மட்டும் உணவும் கிடைக்கும். அதிர்ச்சி இல்லாத நேரங்களில் உணவும் இல்லை. பிறகு, உணவே வராத நேரத்தில் அதிர்ச்சியை மட்டும் கொடுத்தபோது புறாக்கள் அதிகமாகக் கொத்தின. அவற்றுக்கு அதிர்ச்சி ‘உணவு வரப்போகிறது’ என்ற அறிவிப்பாகிவிட்டிருந்தது. அடித்துவிட்டு, மனம் தாளாமல் அணைத்து, கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தரும் வீடுகளை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பிள்ளைக்கு அடி எதன் முன்னறிவிப்பு? இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. அது குழந்தையின் உரிமை பற்றிய சட்டம். ஆனால் அடி நினைத்த பலனைத் தரும் என்ற நம்பிக்கையும் எவ்வளவு மெலிந்தது என்பதைப் புறாக்கூண்டு காட்டுகிறது.

கற்ற வலுவூட்டி வேலையைக் கெடுத்த கதையும் ஒன்று உண்டு. ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதியர் விளம்பரங்களுக்கும் காட்சிகளுக்கும் விலங்குகளைப் பழக்கி விற்றார்கள். ரக்கூன் ஒன்றுக்கு நாணயங்களை எடுத்து உண்டியலில் போடப் பழக்கினார்கள். ஒரு நாணயம் வரை சரி. இரண்டு கொடுத்தபோது, ரக்கூன் அவற்றை ஒன்றோடொன்று தேய்த்தபடி, உண்டியலுக்குள் விட்டு மறுபடி எடுத்தபடி இருந்தது, கஞ்சனைப் போல. ரக்கூன் இரையைக் கழுவித் தேய்க்கும் பிராணி. உணவோடு சேர்ந்து சேர்ந்து நாணயமே அதற்கு இரையாகிவிட்டது. 1961இல் இதை அவர்கள் வெளியிட்டபோது, எந்த விலங்குக்கும் எதையும் கற்பித்துவிடலாம் என்ற அன்றைய மிதப்பில் ஒரு துளை விழுந்தது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

வீட்டு நாய்க்கோ, சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சியிலோ கற்ற வலுவூட்டியை உருவாக்குவதற்கு முன்னால், எது உண்மையில் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெற்றோரைக் கேட்டால் ‘சாக்லேட்’ என்பார்கள். பயிற்சியாளர்கள் இரண்டிரண்டு பொருளாக முன்னால் வைத்து, குழந்தை எதை எடுக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். சோப்பு நுரை ஊதுவது சாக்லேட்டை முந்துவதும் உண்டு. கைதட்டல் சில குழந்தைகளுக்குக் காதைக் குத்தும் ஓசை. அவர்களைக் கைதட்டிப் பாராட்டினால் அடித்தது போல.

பிறகு வரிசை. சத்தமோ, ‘சூப்பர்’ என்ற சொல்லோ, பலகையில் ஒட்டும் நட்சத்திரமோ முதலில் வர வேண்டும், பிடித்த பொருள் அதன் பின்னால் உடனே வர வேண்டும். பிஸ்கட்டை வாயில் போட்டுவிட்டு ‘குட் பாய்’ சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஒன்றும் ஏறாது. பசியில்லாத நேரத்தில் பிஸ்கட்டை வைத்து முயல்வதும் வீண்.

நட்சத்திரப் பலகைக்கு முன்னோடி, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அன்னா அரசு மனநல மருத்துவமனையில் 1960களில் தியோடோரோ அய்லோனும் அஸ்ரினும் நடத்திய வில்லைத் திட்டம். பல ஆண்டுகளாக அங்கேயே கிடந்த நோயாளிகள், வேலை செய்து வில்லை சம்பாதித்து, தனியறை, வெளியே உலாவச் செல்வது, கடைப் பொருள் போன்றவற்றுக்கு மாற்றிக்கொண்டார்கள். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் வில்லை உண்டு என்று மாற்றியபோது வேலை ஏறக்குறைய நின்றேபோனது. பழைய விதி திரும்பியதும் வேலையும் திரும்பியது. மூடிய மருத்துவமனைக்குள் தனிமையையும் உலாவலையும் கூலியாக வைக்கலாமா என்ற கேள்வி பின்னர் அமெரிக்க நீதிமன்றங்கள் வரை போனது. கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். சோறு, படுக்கை, வெளிக்காற்று போன்றவற்றைப் பறித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதைப் பரிசு என்று சொல்லக் கூடாது. குழந்தையின் பலகையில் ஒட்டும் நட்சத்திரத்துக்கு மாற்றாகக் கிடைப்பது, அதற்கு ஏற்கெனவே உரிமையானவற்றுக்கு மேலே கூடுதலாக இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு நட்சத்திரத்துக்கே மாற்று கொடுங்கள். பிடித்துக்கொண்ட பிறகு இரண்டு, மூன்று, ஐந்து என்று மெல்ல ஏற்றலாம். நட்சத்திரம் ஒட்டும் ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த வார்த்தைக்கும் கொஞ்சம் வலிமை ஏறும். பின்னாளில் பலகையை எடுத்துவிட அதுதான் கைகொடுக்கும். ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை பொருள்களை மறுபடி இரண்டிரண்டாக வைத்துப் பாருங்கள். போன வாரம் ஓடிவந்து எடுத்த பொம்மைக் கார், இந்த வாரம் யாரும் தொடாமல் கிடக்கலாம்.